காப்பி

எங்கள் வீட்டில் என் நாவல்களை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை படித்தவர் அப்பா ஒருவர்தான். அதுவும் புரூஃப் பார்ப்பதற்காக. புத்தகம் அச்சாகி, கடைக்கெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு, பென்சிலைச் சீவிக்கொண்டு உட்காருவார். ஒற்று மிகும், இங்கே இடம் விட்டுப்போயிற்று, இந்த ரகரம் தப்பு என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போவார். கதை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை வராது. கடைசியாக அவர் பார்த்த நாவலை மூடி வைத்துவிட்டு, "இதுல பிழை கம்மி" என்றார். எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் நான் மனப்பாடமாக வைத்திருப்பது அது ஒன்றைத்தான்.

அப்பா கம்போசிட்டர். திருநெல்வேலி டவுனில் மேல ரத வீதியை ஒட்டிய ஒரு சந்துக்குள் இருந்த டிரெடில் பிரஸ்ஸில் வேலை. தை, வைகாசி, ஆவணியில் கல்யாணப் பத்திரிகை. ஆடியில் அம்மன் கோயில் கொடை நோட்டீஸ். பரீட்சைக்கு முன்னால் பள்ளிக்கூடக் கேள்வித்தாள். கருமாதிக் கடிதத்துக்கு மாதக் கணக்கு கிடையாது. இடையிடையே யாராவது ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கைக்காசைப் போட்டு ஒரு பதிகமோ பிள்ளைத்தமிழோ அடிக்க வருவார். அப்பாவுக்கு அன்றைக்குக் கொண்டாட்டம். தமிழ்ப் பற்று ஒன்றும் காரணமில்லை. அங்கே கூலி பக்கக் கணக்கு. உரைநடை என்றால் பக்கம் முழுக்க எழுத்தை அடுக்கவேண்டும். பாட்டில் வரி பாதியிலேயே நின்றுவிடும். மிச்ச இடத்துக்கு எழுத்தில்லாத குவாட்டைப் போட்டு அடைத்தால் போதும். "பாட்டுன்னா வெறும் எடத்துக்கும் கூலி உண்டு" என்பார். கவிதையைப் பற்றி அப்பா சொன்ன ஒரே கருத்து அது. பின்னால் நான் படித்த கவிதைக் கோட்பாட்டு நூல்கள் பலவற்றைவிட உபயோகமானது என்றுதான் சொல்லுவேன்.

பிரஸ்ஸில் அவர் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். இடது கையில் ஸ்டிக். வலது கை கேஸின் அறைகளுக்கு மேல் போய்வந்துகொண்டே இருக்கும். கண் கையைப் பார்க்காது, எதிரே சொருகியிருக்கும் கையெழுத்துத் தாளைப் பார்க்கும். ஈய எழுத்து இடவலம் மாறியிருக்கும். அதைத் தலைகீழாக வைத்து அடுக்கவேண்டும். எங்களுக்கெல்லாம் கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும் அந்த வரிகளை அவர் சாதாரணமாக வாசித்துவிடுவார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சீயக்காய்த் தூள் போட்டுக் கையைத் தேய்ப்பார். கருப்பு போகும், நகக்கண்ணில் உள்ளது போகாது. ஈயம் உடம்பில் தங்காமலிருக்க வாழைப்பழம் தின்னவேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தாராம். தினமும் ஒரு பழம் தின்றார். அந்தப் பழத்துக்குப் பிரஸ்ஸில் காசு கொடுத்ததில்லை.

அவசர வேலை என்றால் கேலி புரூஃபை வீட்டுக்குக் கொண்டுவருவார். அப்போது காப்பி பிடிப்பது நான். மூலப் பிரதிக்குப் பிரஸ்ஸில் காப்பி என்று பெயர். நான் காப்பியைப் பார்த்து உரக்க வாசிக்கவேண்டும். அவர் புரூஃபைப் பார்த்துக்கொண்டே வருவார். வெறுமனே வாசித்தால் போதாது. கமா, புள்ளி, மேற்கோள் ஆரம்பம், மேற்கோள் முடிவு, புது பாரா எல்லாவற்றையும் சொல்லவேண்டும். செய்யுளாக இருந்தால் ஒவ்வொரு அடி முடிவிலும் 'வரி' என்று சொல்லி நிறுத்தவேண்டும். அண்ணனை உட்கார வைத்துப் பார்த்தார்; அவன் தூங்கிவிடுவான். எனக்கு அது பிடித்திருந்தது. கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கையிலிருந்து சுடலைமாடன் வில்லுப்பாட்டு வரைக்கும் பத்து வயதுக்குள் உரக்கப் படித்திருந்தேன். ஒரு வாக்கியம் எங்கே மூச்சு முட்டும், எங்கே தடுக்கி விழும் என்பது எனக்கு நாக்கில்தான் முதலில் தெரிந்தது. நாவல்காரியாக ஆனதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

அத்தையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அப்பாவின் தங்கை. தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையாத நிலையில், ஒரு சாயங்காலம், தையல் மெஷினை சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். அப்பா மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார், ரிக்ஷாக்காரர் மறுபக்கம். எங்கே வைக்க என்று அப்பா கேட்டார். ஜன்னலோரமா வைங்க அண்ணே, வெளிச்சம் வேணும் என்றாள் அத்தை. அவ்வளவுதான். ஏன் வந்தாள், எப்போது திரும்பிப் போவாள் என்று அன்றும் கேட்கவில்லை, பின்னாலும் கேட்கவில்லை. அம்மாவாவது தனியாகக் கேட்டிருப்பாள் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் விசாரித்தால், "அவங்க அண்ணனே கேக்கல, நான் எதுக்குக் கேக்கணும்?" என்கிறாள்.

அத்தை தெருவுக்கே ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்தாள். பண்டிகைக்கு முந்தின ராத்திரிகளில் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே நாங்கள் தூங்கிப்போவோம். வீட்டு வாடகையில் பாதி அவளுடையது என்பது நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும்.

மாமா வருஷம் ஒருமுறை வருவார். ஆனித் தேரோட்டத்தன்று. நெல்லையப்பர் தேர் நாலு ரத வீதியும் சுற்றி நிலைக்கு வர அப்போதெல்லாம் நேரமாகும். சில வருஷம் மறுநாளும் இழுப்பார்கள். கூட்டம் கலைகிற நேரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவார். வெள்ளை வேட்டி, மடித்துப் போட்ட துண்டு, கையில் தூத்துக்குடி மக்ரூன் பொட்டலம். அப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வருஷம் வடம் அறுந்ததையும் தேர் எந்த முக்கில் நின்றது என்பதையும் சொல்லுவார். உள்ளே மெஷின் சத்தம் நிற்கும். கொஞ்ச நேரத்தில் அத்தை காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். முகத்தை மறைத்துக்கொண்டதில்லை, ஓடியதில்லை. சாதாரணமாக வைப்பாள். அவர் குடிப்பார். வாரேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்புவார். ஒரு வருஷம் அவர் வரவில்லை. சில மாதம் கழித்துத் தூத்துக்குடியிலிருந்து ஆள் வந்து சேதி சொன்னது. அன்று அத்தை எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "இனிமே மக்ரூன் கெடையாது பிள்ளைகளா" என்றாள். அப்போது நான் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு மீசை முளைத்திருந்தது.

இதை வைத்து நாவல் எழுதாமல் இருக்க முடியுமா? எழுதினேன். நானூறு பக்கத்துக்கு மேல். ஊரைச் சங்கரன்கோவில் பக்கம் தள்ளினேன், தையல் மெஷினைத் தறியாக மாற்றினேன், அத்தையை அக்காவாக்கினேன். எல்லாம் சௌகரியமாகவே நடந்தது. ஆனால் அவள் ஏன் திரும்பி வந்தாள் என்ற கேள்வி நூறாவது பக்கத்தில் குறுக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. வாழ்க்கையில் நாற்பது வருஷம் ஒரு குடும்பமே பதில் இல்லாமல் கடந்துவந்த கேள்வியை, நாவல் நாற்பது பக்கம்கூடத் தாங்காது. படிக்கிறவர்கள் கேட்பார்கள் என்பதுகூட இல்லை; பாத்திரங்களே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆகவே அந்தப் புருஷனைக் குடிகாரனாக்கினேன். ஒரு ராத்திரி அடித்தான். மறுநாள் அவள் கிளம்பினாள். கதை தடையில்லாமல் ஓடியது.

குடி நாவலுக்குள் எப்போதும் நன்றாக வேலை செய்யும். பாளையங்கோட்டையில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தபோது எங்களுக்குப் பாடமாக இருந்தது தாமஸ் ஹார்டியின் 'தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்'. 1886இல் வந்த நாவல். தொடக்கத்திலேயே ஒருவன் சந்தையில் குடித்துவிட்டு, கைக்குழந்தையோடு தன் மனைவியை ஏலம் போட்டு விற்றுவிடுகிறான். முழு நாவலும் அந்த ஒரு ராத்திரிக் குடியிலிருந்து கிளம்பிப் போகிறது. அதைக் கரைத்துக் குடித்த எனக்கு வேறென்ன தோன்றும்?

அந்த அடி விழும் அத்தியாயத்தை என் நாவலில் சிறந்த பகுதி என்று எழுதியவர்கள் உண்டு. ஆனித் தேருக்கு வரும் மாமாவுக்கோ அதில் இடமில்லாமல் போயிற்று. குடித்துவிட்டு அடித்தவன் வருஷா வருஷம் மக்ரூனோடு வந்து உட்கார்ந்தால், அவள் காப்பி போட்டுக் கொடுத்தால், முன்னால் சொன்ன காரணம் ஆட்டம் கண்டுவிடும். அந்தக் காட்சியை எழுதி, எடுத்துவிட்டேன். அப்பா வழக்கம்போல அந்த நாவலுக்கும் பென்சிலோடு உட்கார்ந்தார். அவர் திருத்திய பிரதி என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் ஏதாவது ஒரு குறி உண்டு. அந்த அடி அத்தியாயத்தில் மட்டும் பென்சிலே படவில்லை. அதில் இரண்டு எழுத்துப் பிழை இருந்ததைப் பின்னால் நானே கண்டுபிடித்தேன்.

அப்பா காலமான பிறகு பிரஸ்ஸைப் பற்றி ஒரு நாவல் தொடங்கினேன். தகவலுக்குக் குறைவில்லை. பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் புது எழுத்தைப் புகுத்தியது, எம்.ஜி.ஆர். அரசாங்கம் 1978 அக்டோபரில் அதற்கு ஆணை போட்டது, பதின்மூன்று எழுத்துகளின் உருவம் மாறியது, துதிக்கை போட்ட பழைய லை, னை எல்லாம் வழக்கொழிந்தது, பிற்பாடு ஆஃப்செட் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, ஈய எழுத்தை எடைக்குப் போட்டது. எங்கள் அப்பா வேலை பார்த்த பிரஸ்ஸில் ஆணை வந்த பிறகு அந்தப் பழைய எழுத்து அறைகள் காலியாகின. ஒன்றில் குண்டூசி, ஒன்றில் பீடிக்கட்டு, ஒன்றில் திருநீறு. நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் என் நாவலில் வந்த கம்போசிட்டர் எழுத்துச் சீர்திருத்தத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார். பிரஸ் மூடுகிற அன்று ஒரு நீண்ட வசனம் பேசினார். அப்பா அப்படிப் பேசுகிற ஆளே இல்லை. அவருக்கு அதைப் பற்றி ஏதாவது அபிப்பிராயம் இருந்ததா என்பதுகூட யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், சாகும்வரை ரேஷன் கடை விண்ணப்பத்தில்கூடப் பழைய லையைத்தான் எழுதினார், பிரஸ்ஸில் புது லையைப் பிசகாமல் கோத்தார் என்பது மட்டும்தான். கொள்கை என்று சொல்லவும் முடியாது, பழக்கம் என்று தள்ளவும் முடியாது. நாவலில் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எழுத எழுத அந்த ஆள் அப்பாவை விட்டு விலகி வேறு யாரோவாகிக்கொண்டிருந்தார். அப்படியே நிறுத்தி வைத்தேன்.

கொரோனாவெல்லாம் அடங்கிய சமயத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை ஆகி வீட்டுக்கு வந்ததும், சென்னையிலிருந்து நான் வந்து தங்கவேண்டியதாயிற்று. ஒரே அறையில் அம்மா, அத்தை, நான். அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும், பெட் பான் வைக்கவேண்டும், பிசியோதெரபிக்காரர் சொன்ன மாதிரி காலை மடக்கி நீட்டவேண்டும். நாவலுக்குக் காலைப் பொழுது முழுசாக வேண்டும்; எனக்குக் காலை என்று ஒன்று இல்லை. அலமாரியில் அப்பா சேர்த்து வைத்திருந்த அச்சுக் கழிவுகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. மை சரியாக ஏறாமல் ஒதுக்கிய கல்யாணப் பத்திரிகைகள். யாருடைய கல்யாணமோ. பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில் குறித்து வைக்க ஆரம்பித்தேன். பிற்பாடு நாவலில் சேர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்.

சேரவில்லை. அப்பா கையைத் தேய்ப்பதைப் பற்றி ஐந்தாறு வாக்கியம் எழுதினேன். அதோடு அது முடிந்துவிட்டது. அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று கேட்கவில்லை. அம்மா தூக்கத்தில் இருந்ததால் மெதுவாக வாசித்துப் பார்த்தேன். பழைய பழக்கத்தில் வாய் தானாகவே ஓரிடத்தில் 'வரி' என்றது. அங்கே முறித்தேன். இன்னோரிடத்தில் சொன்னது. அங்கேயும் முறித்தேன். முறித்த இடத்துக்கு அப்பால் வெள்ளையாக நின்ற இடத்தைப் பார்த்தபோது குவாட் ஞாபகம் வந்தது.

இப்படிச் சொன்னால், வீட்டு வேலைக்கு நடுவே கிடைத்த துண்டு நேரத்தில் எழுதத் தோதானது கவிதை என்று ஆகிவிடும். அப்படி இல்லை. உட்கார்ந்து எழுதுகிற நேரம்தான் குறைவு. மீதி நேரமெல்லாம் அது தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். பெட் பான் கழுவும்போது ஒரு சொல் மாறும், மருந்துக்கடை வாசலில் ஒரு வரி போகும். பத்து வரி நிற்பதற்கு மாதங்கள் ஆனது உண்டு. நாவல்காரியின் கை வேறு சும்மா இருக்காது; 'ஏனென்றால்' என்று ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் சொருகும். கவிஞர் நண்பர் ஒருவரிடம் முதலில் எழுதியவற்றை அனுப்பினேன். "எல்லாம் சரிதான். கடைசி வரியில் மட்டும் வீட்டைப் பூட்டிச் சாவியையும் எடுத்துட்டுப் போயிடறீங்க" என்று எழுதினார். கோபம் வந்தது. பிறகு பல கவிதைகளில் கடைசி வரியை அடித்தேன்.

அந்த நாட்களில்தான் ஹார்டியை மறுபடி எடுத்தேன், இந்த முறை கவிதைகளை. 'ஜூட் தி அப்ஸ்க்யூர்' 1895இல் வந்தபோது எழுந்த கூச்சலில் மனம் கசந்து நாவலை விட்டார், கவிதைக்குப் போனார் என்று கல்லூரியில் நோட்ஸ் எடுத்திருந்தோம். ஒரு பிஷப் அந்தப் புத்தகத்தை நெருப்பில் போட்டதாகவே சொன்னார். நோட்ஸில் இருந்தது பொய்யில்லை. ஆனால் அவர் இளைஞராக இருந்த காலத்திலிருந்தே கவிதை எழுதி வைத்துக்கொண்டிருந்தவர். நாவல் சோறு போட்டது. முதல் கவிதைத் தொகுதி 1898இல் வரும்போது வயது ஐம்பத்தெட்டு. அதற்குப் பிறகு முப்பது வருஷம் கவிதைதான். மொத்தம் தொள்ளாயிரத்துக்கும் மேல்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அவர் மனைவி எம்மா இறந்த பிறகு எழுதியவை. 1870இல் கார்ன்வால் கடற்கரைப் பக்கம் பார்த்துக் காதலித்து 1874இல் கட்டிக்கொண்ட பெண். கடைசி வருஷங்களில் இரண்டு பேரும் ஒரே வீட்டில் தனித்தனியாக வாழ்ந்தார்கள். அவள் மாடியில் மேல்தட்டு அறையில், இவர் தன் எழுத்தறையில். 1912 நவம்பரில் அவள் இறந்தாள். அவள் ரகசியமாக எழுதி வைத்திருந்த தாள்களைப் பிறகு அவர் கண்டெடுத்தார். புருஷனைப் பற்றிய கசப்பு நிறைந்த பகுதிகளை எரித்தார். இளமைக்கால நினைவுகளை எழுதியிருந்ததை வைத்துக்கொண்டார். அடுத்த மார்ச்சில், எழுபத்திரண்டு வயதில், முதலில் அவளைச் சந்தித்த ஊருக்குத் தன் தம்பியோடு போய்வந்தார். அப்போதெல்லாம் எழுதிய கவிதைகள் 1914இல் வந்த தொகுதியில் இருக்கின்றன. அந்த மணவாழ்க்கை எங்கே கெட்டது, குற்றம் யாருடையது என்பதற்கு அவற்றில் பதில் கிடையாது. ஒரு உடை, ஒரு மலைச்சரிவு, மழை, கேட்கிறதா இல்லையா என்று தெரியாத குரல். மனைவியை ஏலம் போட்ட கதைக்குக் காரணம் எழுதத் தெரிந்தவர், தன் மனைவி விஷயத்தில் காரணம் எழுதவில்லை. அவர் மேஜையிலிருந்த நாள்காட்டி எம்மாவைச் சந்தித்த மார்ச் 7இல் நின்றிருந்தது, அவர் அதை மாற்றவில்லை. 1914 பிப்ரவரியில் அவர் மறுமணம் செய்துகொண்ட ஃப்ளாரன்ஸ், அதே வருஷம் அச்சில் வந்த அந்தக் கவிதைகளைப் படித்து மனம் நொந்துபோனார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். குடும்பத்தைப் பற்றிக் கவிதை எழுதினால் வீட்டில் யாராவது ஒருவருக்கு அது கடினமாகத்தான் இருக்கும்.

எனக்கு அந்த ஒருவர் அண்ணன். அவன் என் நாவல் எதையும் படித்ததில்லை. "கதைன்னா கதைன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். இதுல நம்ம வீட்டுத் திண்ணை அப்படியே இருக்கே ஏட்டி" என்றான். என் கவிதைத் தொகுப்பு வந்த வாரமே அவன் மகள் அதிலிருந்து ஒரு பக்கத்தைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். நானூறு பக்க நாவல் பத்து வருஷத்தில் சென்று சேராத வீடுகளுக்கு, எட்டு வரி ஒரே சாயங்காலத்தில் போய்ச் சேர்ந்தது. நாவலுக்குள் நான் ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருந்தது. ஊர் மாற்றலாம், சாதியைச் சொல்லாமல் விடலாம், இருவரை ஒருவராகக் கட்டலாம். கவிதைக்குள் அதையெல்லாம் செய்ய இடம் இல்லை. செய்தால் அந்த எட்டு வரியும் நிற்காது.

"நம்ம ஊர்க்காரர் கல்யாண்ஜி மாதிரி வேற பேர்ல போட்டிருக்கலாம்லா?" என்று அண்ணன் கேட்டது நியாயமான கேள்விதான். கதைக்கு வண்ணதாசன், கவிதைக்கு கல்யாண்ஜி. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி நாவலுக்குத் தன் பெயரை வைத்துக்கொண்டு கவிதைக்கு பசுவய்யா ஆனார். அதற்கும் முன்னால் எங்கள் புதுமைப்பித்தன் வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளையாக மாறி வெண்பா வரை போனார். தாமிரபரணிக் கரையிலும் அதற்குத் தெற்கேயும் உரைநடைக்காரர்கள் பாட்டுக்குள் நுழையும்போது சட்டை மாற்றிக்கொண்டார்கள். பெருமாள்முருகன் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் நிலைமை வேறு. 2010இல் எழுதிய 'மாதொருபாகன்' நாவலுக்கு 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பி, 2015 ஜனவரியில் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்து, 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு வெளிவந்தது 'கோழையின் பாடல்கள்'. முன்பிருந்தே கவிதை எழுதிவருபவர்தான். இருந்தும் அந்த மௌன காலத்தில் அவரிடமிருந்து வந்தது நாவல் அல்ல, கவிதை என்பதை நான் கவனித்து வைத்திருந்தேன். ஊர் மொத்தமும் கேள்வி கேட்ட காலத்தில் அவர் எழுதினார். என்னிடம் கேள்வி கேட்பவன் அண்ணன் ஒருவன். வேறு பெயர் வைக்க எனக்கு முகாந்திரம் இல்லை. மேலும் புரூஃபில் என் பெயரில் பிழை வராமல் பார்த்துப் பழகியவர் அப்பா.

வாட்ஸ்அப்பில் போன கவிதை இது:

தேர் நிலைக்கு வந்த பின்
மாமா வந்தார்.
திண்ணையில் உட்கார்ந்து
மக்ரூன் பொட்டலத்தை என்னிடம் தந்தார்.
உள்ளே மெஷின் சத்தம் நின்றது.
காப்பி வந்தது.
சீனி போதுமா என்று யாரும் கேட்கவில்லை.
போதுமாக இருந்தது.

மறுநாள் தூத்துக்குடியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மாமாவின் தம்பி மகள். எங்கள் கல்யாணங்களுக்குக்கூட அவர்கள் வந்ததில்லை. "எங்க பெரியப்பாவ நல்லபடியா எழுதியிருக்கீங்க" என்றாள். நல்லபடியாகவும் எழுதவில்லை, கெட்டபடியாகவும் எழுதவில்லை. வந்தார், உட்கார்ந்தார் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் வருஷா வருஷம் தேர் அன்று அவர் எங்கே போய்வந்தார் என்பதே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாதாம். பெரியப்பா சாமி கும்பிடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

அத்தைக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. அண்ணன்தான் வாசித்துக் காட்டினான், போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தைப் படிக்கிற குரலில். அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாசித்து முடித்ததும் அத்தை முதலில் கேட்டது வேறு. "நாவல்ல அவுகளக் குடிகாரரா ஆக்கிட்டியாமே?" யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்று தெரியாது. அந்த நாவல் வந்து பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கதைக்காக அத்தை என்றேன். "அவுக வெத்தலைகூடப் போட மாட்டாக" என்றாள்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "அப்பம் எதுக்குத்தான் வந்தீங்க, இப்பமாவது சொல்லுங்களேன்" என்று கேட்டேவிட்டான்.

"ஒங்க அப்பாவே கேக்கல. நீ கேக்கியாக்கும்" என்று சொல்லிவிட்டு, அத்தை கவிதைக்குத் திரும்பினாள். "சீனின்னு எழுதியிருக்க. அது கருப்பட்டிக் காப்பி."

சீனிதான் என்றான் அண்ணன். தேருக்கு முந்தின நாள் ரேஷன் கடையில் வரிசையில் நின்று சீனி வாங்கிவந்தது நான்தானே, எனக்குத் தெரியாதா என்றான். கட்டிலிலிருந்து அம்மா இரண்டையும் மறுத்தாள். அன்றைக்குப் பால் திரிந்துபோய் வரக்காப்பிதான் கொடுத்தது, தனக்கு அவமானமாக இருந்தது நன்றாக ஞாபகமிருக்கிறது என்றாள். அவர்கள் மூன்று பேரும் வெவ்வேறு வருஷத்தைச் சொல்கிறார்களோ என்னவோ. ஆனால் ஒவ்வொருவரும் தான் சொல்வதுதான் எல்லா வருஷமும் என்று நின்றார்கள். சத்தம் பெரிதாகி, பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

எனக்குச் சிக்கல் என்னவென்றால், கருப்பட்டிக் காப்பி என்றால் கடைசி இரண்டு வரிக்கு வேலையே இல்லை. கருப்பட்டியைப் போட்டுத்தானே கொதிக்க வைக்கிறோம். போதுமா என்று கேட்கிற பேச்சுக்கே இடமில்லை. எல்லோரும் பாராட்டியது அந்த இரண்டு வரியைத்தான். கவிஞர் நண்பருக்கு எழுதிக் கேட்கலாமா என்று யோசித்தேன். சாவியைப் பற்றி மறுபடி ஏதாவது எழுதுவார் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் அச்சுக்குப் பதிப்பகத்திலிருந்து திருத்தம் கேட்டபோது, அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டேன். கவிதை இப்போது காப்பி வந்ததோடு நிற்கிறது. காப்பி வந்தது என்பதில் வீட்டில் யாருக்கும் தகராறு இல்லை. மக்ரூன் பொட்டலத்தை மாமா தன்னிடம்தான் கொடுத்தார் என்று அண்ணன் மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அதை நான் மாற்றுவதாக இல்லை.